கல்லுக்குள் வந்த நண்டு

பவளத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஏதாவது ஒரு காலையில் கணக்கு இடிக்கும். நேற்றுவரை கண்ணாடியில் ஊர்ந்த நான்கு நத்தைகளில் இன்று மூன்றுதான் இருக்கும். நான்காவதின் ஓடு விளிம்பு நொறுங்கி மணலில் கிடக்கும். பவளத்தின் ஓரத்தில் சதை கிள்ளப்பட்டு வெள்ளை எலும்பு தெரியும். தொட்டியில் இருக்கும் மீன்கள் எதுவும் இப்படிச் செய்பவை அல்ல.

அன்றிரவு விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றிக்கொண்டு பாருங்கள். சிவப்பு வெளிச்சம் நண்டுகளின் கண்ணுக்கு அவ்வளவாக உறைப்பதில்லை. பாறைப் பொந்தின் வாயில் மயிர் அடர்ந்த கால்களும் கருநுனிக் கொடுக்குகளும் அசைவது தெரியும். அது காசு கொடுத்து வாங்காமலே வந்து சேர்ந்த நண்டு.

எப்படி வந்தது?

பவளங்கள் இறந்தபின் எஞ்சும் சுண்ணாம்புக் கூடுகள் இறுகி, நுண்துளைகள் நிறைந்த பாறைகளாகின்றன. அவற்றில் பாக்டீரியாக்கள் குடியேறியிருப்பதால் ‘உயிர்ப்பாறை’ என்கிறார்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை இந்தப் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுவதால், கடல்நீர்த் தொட்டிக்கு இந்தப் பாறையே சுத்திகரிப்பு நிலையம். இதை வெப்பமண்டலக் கடல்களிலிருந்து எடுத்து, ஈரச் செய்தித்தாளில் சுற்றி விமானத்தில் அனுப்புவார்கள்.

அந்தப் பயணத்தில் மீன் பிழைக்காது. நண்டின் செவுள்களோ முதுகு ஓட்டுக்கு அடியில் இருபுறமும் உள்ள அறைகளில் பத்திரமாக இருக்கின்றன. அவை ஈரமாக இருக்கும்வரை காற்றிலிருந்தே ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். நகம் அளவுள்ள குட்டி நண்டு பாறையின் துளைக்குள் ஒடுங்கியபடியே கடல் தாண்டி வந்துவிடுகிறது.

கொடுக்கைப் பாருங்கள்

பார்த்தவுடன் கொல்ல வேண்டியதில்லை. நண்டின் தொழில் என்ன என்பதை அதன் கொடுக்கே சொல்லிவிடும். கொடுக்கு தடித்து, விரல்கள் கூராக முடிந்தால் அது ஓடு உடைக்கவும் சதை கிழிக்கவும் ஆனது. தொட்டிக்காரர்கள் ‘கொரில்லா நண்டு’ என்று அழைக்கும் மயிர் நண்டுகள் பெரும்பாலும் சாந்திடே குடும்பத்தைச் சேர்ந்தவை. குட்டியாக இருக்கையில் பாசியும் மிச்சம் மீதியும் தின்று அடக்கமாக இருக்கும். வளர வளர நத்தை, பவளம், உறங்கும் மீன் என்று கைவைக்கும்.

விரல் நுனி கரண்டிபோல் குழிந்திருந்தால் அது பாசி சுரண்டும் கருவி. கரீபியக் கடலின் மரகத நண்டை இதற்காகவே விலைக்கு வாங்குகிறார்கள். தொட்டியைத் தொல்லை செய்யும் குமிழ்ப்பாசியை அது தின்னும். கறுப்பு நிறத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. சாந்திடே குடும்பத்திலேயே கருநுனியும் கரண்டி வடிவமும் சேர்ந்த பாசி தின்னிகள் உண்டு.

தட்டையான உடலும் நீண்ட உணர்கொம்புகளும் கொண்டு, வாயருகே விசிறி விரிப்பது பீங்கான் நண்டு. நீரில் மிதக்கும் துணுக்குகளை அந்த விசிறியால் வடித்துத் தின்னும். பவளத்துக்கு அதனால் ஆபத்தில்லை.

பவளக் கிளைகளுக்கு நடுவிலேயே வசிக்கும் பளபளப்பான சிறு நண்டு டிராபீசியாவாக இருக்கலாம். அதைக் கட்டாயம் விட்டுவைக்க வேண்டும். பவளம் சுரக்கும் கோழை அதற்கு உணவு, பவளம் அதற்கு வீடு. அந்த வீட்டை அது காவல் காக்கிறது. பவளத்தைத் தின்ன வரும் முள்கிரீட நட்சத்திரமீனின் குழாய்க்கால்களைக் கிள்ளி விரட்டுவதைப் பீட்டர் கிளின் என்ற ஆய்வாளர் 1970களில் பனாமாவின் பசிபிக் கரையில் பதிவு செய்தார். பசிபிக் கடலின் மூரியா தீவில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், நண்டுகளை அகற்றிக் கடலில் நட்ட பவளங்களில் 45 முதல் 80 சதவீதம் ஒரு மாதத்துக்குள் இறந்தன. நண்டு இருந்தவை எல்லாம் பிழைத்தன. பவளத்தின் மேல் படியும் வண்டலை நண்டுகள் அகற்றிக்கொண்டே இருந்ததுதான் காரணம்.

பிடிக்கும் வழி

வெளியேற்றத்தான் வேண்டும் என்றால் கண்ணாடி டம்ளர் போதும். உள்ளே ஒரு துண்டு இறாலைப் போட்டு, நண்டு இருக்கும் பொந்துக்கு அருகே பாறையில் சாய்த்து வையுங்கள். இரவில் வாடை பிடித்து வரும் நண்டு பாறை வழியே ஏறி டம்ளருக்குள் விழும். வழுக்கும் கண்ணாடியில் அதன் கால்நுனிக்குப் பிடி கிடைக்காது. காலையில் எடுத்துவிடலாம். ஓரிரு இரவு பொறுமை வேண்டும்.

பாறையைத் தனியே தூக்க முடிந்தால், வெளியில் ஒரு வாளியின் மேல் பிடித்துக்கொண்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் பொந்துக்குள் சோடாத் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். மூச்சுத் திணறி நண்டு வெளியே வரும். பவளம் ஒட்டிய பாறைக்கு இது ஆகாது. கம்பியால் குத்துவதும் வேண்டாம். குத்துப்பட்ட நண்டு பொந்துக்குள்ளேயே செத்து அழுகினால் நீர் கெடும்.

ஒருநாள் காலையில் நண்டு செத்துக் கிடப்பதாகத் தோன்றினால் எடுத்துப் பாருங்கள். எடையே இல்லாமல், முதுகின் பின்விளிம்பு திறந்திருந்தால் அது கழற்றிய சட்டை. நண்டு முன்பைவிடப் பெரிதாகி, புது ஓடு இறுகும்வரை எங்கோ ஒளிந்திருக்கிறது.

பிடித்த பிறகு

சாந்திடே குடும்பத்தின் சில இனங்களில் பேத்தை மீனில் இருக்கும் டெட்ரோடாக்ஸின் என்ற நஞ்சு உண்டு. சமைத்தாலும் அது போகாது. ஆகவே அடையாளம் தெரியாத நண்டைச் சட்டியில் போடக் கூடாது. கடலிலும் விடக் கூடாது; வேற்றுக் கடலின் நண்டு புதிய கரையில் பெருகிவிடலாம். ஐரோப்பியப் பச்சை நண்டு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பல்களோடு வட அமெரிக்கக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே சிப்பி வளத்தை அது இன்றும் அரித்துக்கொண்டிருக்கிறது.

தொட்டிக்கு அடியில் நீரைச் சுத்திகரிக்கும் ‘சம்ப்’ அறை இருந்தால் அதிலேயே விடலாம். அங்கே நத்தையும் பவளமும் இல்லை. விழும் மிச்சங்களைத் தின்றே அது வாழ்ந்துவிடும். புதிதாக வாங்கும் பாறையைச் சில வாரங்கள் தனித் தொட்டியில் வைத்து, இரவில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சேர்த்தால் இந்தப் பாடே இல்லை. மன்னார் வளைகுடாவில் கிடைக்கிறதே என்று பவளக்கல்லைத் தேடிப் போகாதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை.

டம்ளரில் விழுந்த நண்டை வெளியே எடுக்குமுன் கண்ணாடி வழியே அதன் கொடுக்கின் நுனியை நன்றாகப் பாருங்கள். கரண்டியாக இருந்தால், வந்த பொந்துக்கே திருப்பி அனுப்பிவிடலாம்.