நார்வேயைக் காட்டினால் போதுமா?

2006-ஆம் ஆண்டு, ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் தலைவர் அலெக்ஸ் சால்மண்ட் தம் மக்களை அக்கம்பக்கம் பார்க்கச் சொன்னார். மேற்கே அயர்லாந்து, வடக்கே ஐஸ்லாந்து, கிழக்கே நார்வே. மூன்றும் சிறிய நாடுகள். மூன்றும் ஒரு காலத்தில் வேறொரு தலைநகருக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தவை. அன்றைக்கோ உலகின் பணக்கார நாடுகள் வரிசையில் மூன்றும் முன்னால் நின்றன. இவற்றைச் சேர்த்து 'செழிப்பு வளைவு' என்றார் அவர். ஐம்பது லட்சம் பேர் வாழும் ஸ்காட்லாந்து மட்டும் அதற்கு வெளியே நிற்பானேன் என்ற கேள்வி மக்களிடம் எடுபட்டது. அடுத்த ஆண்டே அவர் கட்சி எடின்பரோவில் ஆட்சிக்கு வந்தது.

2008 அக்டோபரில் ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் சரிந்தன. தன் வங்கிகளின் கடனுக்கு அரசே பொறுப்பு என்று அறிவித்த அயர்லாந்து, பாரம் தாங்காமல் 2010-ல் 8,500 கோடி யூரோ மீட்புத் திட்டத்துக்குள் போனது. எடின்பரோவைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தைக் காப்பாற்ற பிரிட்டிஷ் அரசு 4,550 கோடி பவுண்டு போட வேண்டியிருந்தது. 1980-களில் சால்மண்ட் பொருளாதார வல்லுநராக வேலை பார்த்த வங்கி அது. செழிப்பு வளைவு இப்போது திவால் வளைவு ஆகிவிட்டது என்றார்கள் எதிர்த்தரப்பினர். தனி நாடாக இருந்திருந்தால் இந்த வங்கியை யார் தூக்கி நிறுத்தியிருப்பார்கள் என்ற அவர்களுடைய கேள்விக்கு எளிதில் பதில் சொல்லிவிட முடியாது.

ஆனால் அந்தக் கேலியும் நெடுநாள் நிற்கவில்லை. ஐஸ்லாந்து தன் வங்கிகளை விழவிட்டது. பணம் வெளியே போகாதபடி கட்டுப்பாடு போட்டு 2017 வரை வைத்திருந்தது. ஒரு வங்கியின் பிரிட்டிஷ், டச்சு வாடிக்கையாளர்கள் இழந்த பணத்தைத் தம் வரிப்பணத்திலிருந்து தரும் ஏற்பாட்டை அந்நாட்டு மக்கள் இரண்டு பொதுவாக்கெடுப்புகளில் மறுத்தார்கள். 2013-ல் ஐரோப்பியத் தடையில்லா வணிகச் சங்கத்தின் நீதிமன்றமும் ஐஸ்லாந்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. அயர்லாந்து 2013 டிசம்பரில் மீட்புத் திட்டத்தை விட்டு வெளியே வந்தது. ஒரு தரப்பு நல்ல ஆண்டைக் காட்டியது, மறுதரப்பு கெட்ட ஆண்டைக் காட்டியது. ஒரு நாட்டைச் சான்றுக்கு அழைப்பவர்கள் அதன் எல்லா ஆண்டுகளையும் சேர்த்தே அழைக்க வேண்டும் என்பது என் கட்சி.

நார்வேயையே எடுத்துக்கொள்வோம். 1905 ஆகஸ்ட் 13 அன்று ஸ்வீடனிடமிருந்து பிரிவதற்கு நார்வேயில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக 3,68,208 வாக்குகள், எதிர்ப்பு 184. அன்றைய நார்வே பணக்கார நாடு இல்லை. பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்களால் ஊர்கள் காலியாகிக்கொண்டிருந்தன. கடலடியில் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது 1969-ல். அதாவது, விடுதலைக்கும் எண்ணெய்க்கும் இடையே அறுபத்து நான்கு ஆண்டுகள்.

அந்த இடைக்காலத்தில் நடந்ததுதான் ஸ்காட்லாந்துக்காரர்கள் உன்னிப்பாகப் படிக்க வேண்டிய பகுதி. பிரிந்த மறு ஆண்டே, வெளிநாட்டு நிறுவனங்கள் நார்வேயின் அருவிகளை மின்சாரத்துக்காக வாங்கிக் குவிப்பதைத் தடுக்க நாடாளுமன்றம் அவசரச் சட்டம் போட்டது. உரிமக் காலம் முடிந்ததும் அருவியும் மின்நிலையமும் ஈட்டுத்தொகை இல்லாமல் அரசுக்கே திரும்ப வேண்டும் என்றது 1909-ஆம் ஆண்டுச் சட்டம். இயற்கை தந்தது நாட்டுக்குச் சொந்தம், தனியார் அதில் குத்தகைதாரர் மட்டுமே என்ற எண்ணம் அங்கே எண்ணெய் வருமுன்பே ஊறிப்போயிருந்தது. ஃபாரூக் அல்-காசிம் என்ற ஈராக்கிய நிலவியலாளர், நோயுற்ற மகனின் மருத்துவத்துக்காக 1968-ல் குடும்பத்தோடு நார்வே வந்தவர். எண்ணெய் பற்றித் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த அரசுத் துறையில் அவருக்கு வேலை கிடைத்தது. அந்நாட்டு எண்ணெய்க் கொள்கையை வடித்தவர்களில் ஒருவராகவும் ஆனார். 1972-ல் அரசு நிறுவனமான ஸ்டாட்டாயில் பிறந்தது. 1990-ல் எண்ணெய் நிதிக்குச் சட்டம் வந்தது, 1996-ல் முதல் பணம் போடப்பட்டது. 2017-ல் அந்த நிதி ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டியது.

அதே வட கடலின் மறுகரையில் பிரிட்டனுக்குக் கிடைத்த எண்ணெய் வருமானம் லண்டன் கருவூலத்துக்குப் போய் ஆண்டுச் செலவோடு கரைந்தது. நிதியம் எதுவும் உருவாகவில்லை. தனி ஸ்காட்லாந்து அமைந்தால் எண்ணெயால் அதற்குப் பெரும் உபரி கிடைக்கும், அதன் நாணயம் ஐரோப்பாவிலேயே வலுவானவற்றில் ஒன்றாக இருக்கும் என்று கேவின் மெக்ரோன் என்ற அரசுப் பொருளாதார வல்லுநர் 1974-ல் எழுதிக் கொடுத்தார். அந்த அறிக்கை 2005 வரை ரகசியமாகவே கிடந்தது. இந்த ஒரு விஷயத்தில் ஸ்காட்லாந்துக்காரர்களின் ஆதங்கம் நியாயமானது. தங்கள் எதிர்காலத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதை முப்பது ஆண்டுகள் அவர்களிடமிருந்து மறைத்தது பெரிய அநீதி.

அயர்லாந்தின் கதை இன்னும் கடினமானது. 1922-ல் சுதந்திர அரசு அமைந்ததும் உள்நாட்டுப் போர். பிறகு பல பத்தாண்டுகள் வறுமை. 1950-களில் மட்டும் சுமார் நான்கு லட்சம் பேர் வெளியேறினார்கள், பெரும்பாலோர் எந்த நாட்டிடமிருந்து விடுதலை வாங்கினார்களோ அதே பிரிட்டனுக்கு. 1961-ல் மக்கள்தொகை 28 லட்சமாகச் சுருங்கியது. 1958-ல் டி.கே. விட்டேக்கர் வகுத்த புதிய பொருளாதாரத் திட்டம், 1967-ல் இலவச உயர்நிலைக் கல்வி, 1973-ல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் இடம் என்று மெல்ல மெல்லத்தான் நிமிர்ந்தார்கள். உலகம் வியந்த வளர்ச்சி 1990-களில் வந்தது. எழுபது ஆண்டுகள்! இத்தனைக்கும் நடுவே, பிரிட்டனோடு மறுபடி சேர்ந்துவிடலாம் என்று அங்கே எந்தப் பெரிய கட்சியும் கேட்கவில்லை. வருமானப் பட்டியலை மட்டும் வைத்து விடுதலையை எடைபோடுகிறவர்களுக்கு இந்தப் பிடிவாதம் புரியாது.

ஆனால் எல்லோருக்கும் அந்தப் பிடிவாதம் வாய்ப்பதில்லை. நியூஃபவுண்ட்லாந்தை யாரும் தங்கள் பட்டியலில் சேர்ப்பதில்லை. வட அமெரிக்காவின் கிழக்கு விளிம்பில் இருக்கும் அந்தத் தீவு, கனடாவையும் ஆஸ்திரேலியாவையும் போல் தன்னைத் தானே ஆண்ட நாடாக இருந்தது. முதல் உலகப் போருக்குப் படை அனுப்பிய கடன், ரயில்பாதை போட்ட கடன், அதன்மேல் 1930-களின் பெருமந்தத்தில் மீன் விலை வீழ்ச்சி. அரசு வருமானத்தில் பாதிக்கு மேல் வட்டிக்கே போனது. 1933-ல் அந்த நாடாளுமன்றம் தன்னைத் தானே முடித்துக்கொள்ள வாக்களித்தது. அடுத்த ஆண்டு முதல் லண்டன் நியமித்த ஆணையம் ஆண்டது. 1948 ஜூலை வாக்கெடுப்பில் 52.3 சதவீதம் பேர் கனடாவோடு சேரச் சொன்னார்கள். 1979-ல் அதே தீவின் கடலில் ஹைபர்னியா எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. காலம் சற்று முன்பின்னாக அமைந்திருந்தால் இன்றைக்கு அதையும் நார்வேக்குப் பக்கத்தில் வைத்துப் பேசிக்கொண்டிருப்போம்.

2014 செப்டம்பர் 18 அன்று ஸ்காட்லாந்து வாக்களித்தது. 84.6 சதவீத வாக்குப்பதிவு. பிரிய வேண்டாம் என்றவர்கள் 55.3 சதவீதம். பிரச்சாரத்தில் உண்மையில் இடறிய கல் நாணயம். பவுண்டைப் பங்குபோட்டுக்கொள்வோம் என்றது எடின்பரோ. அதற்கு இடமில்லை என்று 2014 பிப்ரவரியில் லண்டனின் மூன்று முக்கியக் கட்சிகளும் கையை விரித்தன. ஒப்பீடு இங்கேதான் பயன்பட்டிருக்கும். 1993 ஜனவரியில் பிரிந்த செக், ஸ்லோவாக்கிய நாடுகள் பொது நாணயத்தை வைத்துப் பார்த்தன. ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை. பழைய நோட்டுகளில் வில்லை ஒட்டி இரண்டாகப் பிரித்தார்கள், பெரும் குழப்பம் இல்லாமல் முடிந்தது. அயர்லாந்தோ தன் நாணயத்தைப் பவுண்டுக்குச் சமமாக 1979 வரை கட்டி வைத்திருந்தது; யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, ஆனால் வட்டி விகிதத்துக்கு லண்டன் முகத்தையே பார்க்க வேண்டியிருந்தது. இந்த இரண்டு அனுபவங்களையும் விரித்து வைத்து, எது நமக்கு ஒத்துவரும் என்று வாக்காளர்களைக் கேட்டிருக்க வேண்டும். பவுண்டைக் காட்டி ஒரு தரப்பு பயமுறுத்த, அதெல்லாம் வெறும் மிரட்டல் என்று மறுதரப்பு சமாதானம் சொல்ல, பேச்சு அங்கேயே நின்றது. அன்று நூறு டாலருக்கு மேல் கணக்கிடப்பட்ட கச்சா எண்ணெய், 2016 தொடக்கத்தில் பேரலுக்கு முப்பது டாலருக்கும் கீழே போனதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஆண்ட்ரூ வில்சன் தலைமையில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி அமைத்த வளர்ச்சி ஆணையம் பன்னிரண்டு சிறிய நாடுகளை ஆராய்ந்து 2018-ல் அறிக்கை தந்தது. டென்மார்க், ஃபின்லாந்து, நியூசிலாந்து ஆகியவற்றை முன்மாதிரியாகச் சொன்னதோடு, பற்றாக்குறையைக் குறைக்க ஐந்து முதல் பத்து ஆண்டுகள் பிடிக்கும் என்றும் வெளிப்படையாக எழுதியது. விடுதலை கேட்பவர்கள் அதுவரை வெளியிட்டதிலேயே நேர்மையான ஆவணம் அது என்பேன். ஆனால் இது சிக்கனம் என்ற பெயரில் ஏழைகள் வயிற்றில் அடிப்பது என்று விடுதலை ஆதரவாளர்களே அதைக் கண்டித்தார்கள். 2022 ஜூனில் ஸ்காட்டிஷ் அரசு வெளியிட்ட அடுத்த ஆவணத்தில் நார்வே, டென்மார்க், அயர்லாந்து உட்படப் பத்து நாடுகள் வந்தன. வருமானம், வறுமை, ஏற்றத்தாழ்வு என்று எல்லாவற்றிலும் அவை பிரிட்டனைவிட நல்ல நிலையில் இருப்பதாக அட்டவணைகள் காட்டின. அத்தனையும் அந்த நாடுகளின் இன்றைய கணக்கு.