குழிக்கு ஈரமும் வேண்டும்

கடல் தாண்டி வந்த கைகள் – 7

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஆரணியில் விடிந்ததும் முதலில் தறிக்குழியைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். காலைத் தொங்கவிட்டு மிதிபலகையை மிதிக்கும் அந்தக் குழியில் நீர் ஊறியிருந்தால் அன்றைக்கு நெசவு இல்லை. குடத்தால் மொண்டு கொட்டினாலும் அரை மணி நேரத்தில் மறுபடி கணுக்கால் அளவு நிற்கும். தறியில் பாதிப் புடவை அப்படியே கிடக்கும். புடவை முடிந்தால்தான் கூலி. மழை பத்து நாள் நின்று பெய்தால் அடுப்பு எரிவதே கடினம்.

கல்லூரியில் படித்தபோது, 1990களின் தொடக்கத்தில், நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக அப்படி ஒரு நெசவாளர் தெருவுக்குப் போனோம். ஏழு நாள் முகாம். ஒரு வீட்டின் தறிக்குழியைச் செங்கல் வைத்துக் கட்டி, சிமெண்ட் பூசிக் கொடுப்பது என்று நாங்களே முடிவு செய்தோம். கட்டியும் முடித்தோம். அந்த வீட்டுப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, குழிக்கு ஈரமும் வேணும், தண்ணியும் நிக்கக் கூடாது. கோடி வீட்டாண்ட வாய்க்கால் தூர்ந்து கெடக்குது. அத வாரிக் குடுத்தீங்கன்னா போதும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். "சரிங்க தாத்தா, அதையும் பார்ப்போம்" என்றோம். பார்க்கவில்லை. சாக்கடை நாற்றத்தில் இறங்கிச் சேறு அள்ளுவது எங்களுக்கு ஒரு பணியாகவே தோன்றவில்லை. பூசிய குழியின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

பங்குனி வெயிலில் அந்த வீட்டுத் தறியில் பாவு இழைகள் அறுந்துகொண்டே இருந்தன என்று பிறகு தெரிந்தது. மண் குழியிலிருந்து மெல்ல எழும் ஈரம்தான் பட்டிழையைப் பதமாக வைத்திருக்கும். அதைச் சிமெண்டால் அடைத்துவிட்டோம். அவர் மகன் உளி வைத்துக் கொத்தி எடுத்தாராம். பல நாட்டுத் தொண்டர்களைத் திரட்டிய சுவிட்சர்லாந்துக்காரர் பியேர் செரெசோலின் கதையை எப்போது படித்தாலும் அந்த உளிச் சத்தம் எனக்குக் கேட்கிறது.

சென்ற வாரம் அவரை எஸ்ன் கிராமத்தில் விட்டிருந்தோம். 1920 நவம்பர். முதல் உலகப் போர் சல்லடையாக்கிய வெர்தன் போர்க்களத்துக்கு அருகே இருந்த பிரெஞ்சுக் கிராமம் அது. குண்டு விழுந்த பள்ளங்களை மூடவும் குடில்கள் கட்டவும் பல நாட்டவர் சேர்ந்து போனார்கள். அவர்களில் ஜெர்மானியரும் இருந்தார்கள். நேற்றுவரை எதிரியாக இருந்தவன் மண்வெட்டியோடு வந்து நிற்பதை அந்தப் பகுதியால் தாங்க முடியவில்லை. சில மாதங்களில் முகாமைக் கலைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. செரெசோல் விடவில்லை. ரைன் நதி வெள்ளம் லிச்டென்ஸ்டைன் நாட்டு வயல்களில் கொட்டிவிட்டுப் போன மண்ணையும் கல்லையும் அகற்ற 1928இல் 700க்கும் மேற்பட்ட தொண்டர்கள் திரண்டார்கள். 'சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்' என்ற அமைப்பு வேர்பிடித்தது இப்படித்தான்.

இனி பீகார்.

1934 ஜனவரி 15, பிற்பகல் இரண்டேகால் மணி வாக்கில் வட பீகாரும் நேபாளமும் குலுங்கின. ரிக்டர் அளவில் ஏறத்தாழ 8. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதோடு முடியவில்லை. சுமார் 300 கிலோமீட்டர் நீளத்துக்கு மண் கூழாக இளகியது. நிலம் பிளந்து நீரும் மணலும் பீறிட்டன. கிணறுகள் மணலால் தூர்ந்தன. விளைநிலத்தின் மேல் மணல் படிந்தது. நிலமட்டமே மாறிப்போனதால் மழைநீர் வடிந்த பழைய வழிகள் குலைந்தன. பூகம்பத்தில் தப்பிய கிராமங்களை அடுத்து வந்த வெள்ளம் சூழ்ந்தது.

செரெசோல் பொறியியல் படித்தவர், அந்தப் பாடத்தைக் கற்பித்தவரும்கூட. தந்தை சுவிட்சர்லாந்தின் அதிபராக இருந்தவர். மகனோ ராணுவ வரி கட்ட மறுத்துச் சிறை சென்றவர். 1931இல் சுவிட்சர்லாந்து வந்த காந்தியைச் சந்தித்திருந்தார். பூகம்பச் செய்தி எட்டியபோது அவருக்கு வயது 54. அந்த ஆண்டே இந்தியா வந்தார். வந்ததும் ஆட்களைத் திரட்டிக் கட்டத் தொடங்கிவிடவில்லை. முதல் பயணம் பார்ப்பதற்கும் கேட்பதற்கும்தான். நிவாரணக் குழுவை நடத்திக்கொண்டிருந்த ராஜேந்திர பிரசாத்தைச் சந்தித்தார். காங்கிரஸ்காரர்களோடும் பேசினார், ஆங்கிலேய அதிகாரிகளோடும் பேசினார். சட்டமறுப்பின் சூடு ஆறாத காலம் அது. இரு தரப்பும் ஒரே வேலைக்குக் கை கொடுக்கும்படி ஒருவர் நடுவே நின்றது சாதாரண விஷயமல்ல.

ஊர் திரும்பி, சிலரோடு மறுபடி வந்தார். ஆங்கிலேயர்களான ஜோ வில்கின்சன், ஃபிரேசர் ஹாய்லேண்ட், சுவிட்சர்லாந்தின் பால் ஷெங்கர் ஆகியோர் அவர்களில் உண்டு. முசாபர்பூர் மாவட்டத்தில் வெள்ளம் ஏறும் கிராமங்களை மேட்டு நிலத்துக்குப் பெயர்த்து, புதிதாகக் கட்டுவதுதான் வேலை. அப்படி எழுந்த ஊர் ஒன்றுக்குச் சாந்திபூர் என்று பெயர். 1937 வரை வேலை நடந்தது.

இங்கே நியாயமான கேள்வி ஒன்று எழும். பீகாரில் மண் வெட்ட ஆளா இல்லை? அந்த வெயிலில் பீகார் விவசாயி ஒரு நாளில் வெட்டும் மண்ணை ஒரு சுவிஸ்காரர் வெட்டிவிட முடியுமா? அவர்கள் கப்பலுக்குக் கொடுத்த காசைக் கூலியாகக் கொடுத்திருந்தால் எத்தனை குடும்பம் பிழைத்திருக்கும்? கணக்கு மட்டும் பார்த்தால் இதற்குப் பதில் கிடையாது. எனக்குத் தெரிந்த பதில் வேறு. வெள்ளைக்காரன் என்றால் குதிரைமேல் இருந்து உத்தரவிடுபவன் என்றே பார்த்துப் பழகிய ஊரில், ஒரு வெள்ளைக்காரர் தலையில் மண் சுமந்தால், பார்க்கும் இரு தரப்புக்குள்ளும் ஏதோ நகரும். அந்த நகர்வுக்காகத்தான் செரெசோல் வந்தார் என்று நம்புகிறேன். ஆனால் ஊருக்குத் தேவையான மண்ணைச் சுமந்தால்தான் அதற்கும் மதிப்பு. மேட்டு நிலம் வேண்டும் என்பது வெள்ளத்தில் நின்ற பீகார் கிராமத்தின் தேவை. தறிக்குழிக்குச் சிமெண்ட் என்பது எங்கள் முகாமின் ஆசை.

இப்போது கட்டணம் வாங்கிக்கொண்டு, இரண்டு வாரம் ஏழை நாட்டுக் கிராமத்தில் சுவர் எழுப்ப இளைஞர்களை அழைத்துப்போகும் நிறுவனங்கள் பெருகிவிட்டன. நம் பிள்ளைகளும் போகிறார்கள். போகட்டும், நல்லதுதான். உள்ளூர்க் கொத்தனார், சித்தாள் கூலியை அந்தச் சுவர் பறிக்கிறதா என்று மட்டும் போகுமுன் கேளுங்கள். பிள்ளைகள் கிளம்பிய பிறகு அந்தச் சுவரை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றும் கேளுங்கள். புதிதாகக் கட்ட நூறு பேர் வருவார்கள். கட்டியதைப் பராமரிக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

இந்த மண்ணுக்கு அது புரியாத விஷயமும் அல்ல. ஏரிக்கரையைச் செப்பனிடவும் மதகையும் கால்வாயையும் தூர் வாரவும் வீட்டுக்கு ஓர் ஆள் என்று ஊரே இறங்கிய வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். தானாக நடந்த அதை 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டுப் பிடித்து வைக்கப் பார்த்தது அன்றைய சென்னை அரசு. ஊரின் உரிமையாக இருந்தவரை இருந்த பிடிப்பைத் தண்டனையால் கொண்டுவர முடியவில்லை.

எங்கள் முகாமுக்கு அடுத்து வந்த ஐப்பசிக்கு முன் நண்பர்கள் நால்வர் அந்த நெசவாளர் தெருவுக்கு மறுபடி போனோம். பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் இரண்டு மண்வெட்டி எடுத்துவந்து கொடுத்தார். கோடி வீட்டிலிருந்து தெருமுனைவரை வாய்க்கால் வாரி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. எங்கே ஆழம் வேண்டும், எந்த இடத்தில் வாட்டம் சரியில்லை என்று அவர்தான் கூடவே நடந்து காட்டினார்.

அடுத்த வாரம் இலங்கைக்குப் போவோம். 1958 டிசம்பரில், ஏ.டி. ஆரியரத்ன என்ற இளம் ஆசிரியர் கொழும்பு நாலந்தா கல்லூரி மாணவர்களைக் கூட்டிக்கொண்டு, சாதியால் ஒதுக்கப்பட்டவர்கள் வாழ்ந்த கனதொலுவ கிராமத்துக்குப் போனார். சிரமதானம் என்ற சொல் நாடெங்கும் பரவியது அங்கிருந்துதான்.

(தொடரும்)