ஒரு டம்ளர் தண்ணீரின் புத்தி

சோறு வெந்துவிட்டது என்று ரைஸ் குக்கருக்கு எப்படித் தெரிகிறது? நாமாவது ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கிறோம். அதற்கு விரல் ஏது?

1945-இல், குண்டுவீச்சில் எரிந்துபோன டோக்கியோவில், பின்னாளில் சோனி ஆன சிறு நிறுவனம் மரத்தொட்டிக்குள் அலுமினியத் தகடுகளைப் பொருத்திச் சோறு வடிக்கப் பார்த்தது. ஒரு நாள் குழைந்தது, ஒரு நாள் அரைவேக்காடு. கடைக்கே வரவில்லை.

பத்து ஆண்டு கழித்து வழி கண்டவர் யோஷிததா மினாமி, தோஷிபாவுக்கு வேலை செய்துகொடுத்த சிறு பட்டறைக்காரர். சமைத்துச் சமைத்து அளவெடுத்தவர் அவர் மனைவி ஃபுமிகோ. என்னைக் கேட்டால், கண்டுபிடிப்பில் பாதி அந்த அம்மாளுடையது. கொதி வந்தபின் சுமார் 20 நிமிடம் அந்தச் சூடு நின்றால் அரிசி பதமாக வெந்துவிடும். ஆனால் கொதி எப்போது வரும்? அரிசி எவ்வளவு, வெளியே குளிர் எவ்வளவு என்பதைப் பொறுத்து அது மாறும். கடிகாரம் வைத்துப் பயனில்லை.

அவர்கள் தண்ணீரையே கடிகாரமாக்கினார்கள். உள்பாத்திரத்தில் அரிசி; வெளிப்பாத்திரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர், நாம் பிரஷர் குக்கரின் அடியில் ஊற்றுவதுபோல. தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஏறுகிற வெப்பமெல்லாம் ஆவியாகவே போய்விடும். அது வற்ற ஏறக்குறைய 20 நிமிடம். வற்றியதும் சூடு விறுவிறுவென ஏறும், ஈருலோகப் பட்டை வளையும், மின்சாரம் துண்டிக்கப்படும். குளிரில் பட்டை ஏமாந்தபோது, பாத்திரத்தைச் சுற்றிக் காற்றடுக்கு விட்டுச் சரிசெய்தார்கள்.

இன்றைய சாதாரணக் குக்கரில் வெளித்தண்ணீர் இல்லை. அரிசி தன் தண்ணீரைக் குடித்து முடித்ததும் அடிச்சூடு ஏறுகிறது. 103 டிகிரி வாக்கில் அடியிலுள்ள காந்தம் காந்தத்தன்மையை இழக்கிறது. ஸ்பிரிங் விடுபட்டு ‘டக்’. சிப் எதுவும் வேண்டாம்.

மினாமி தம்பதியின் அந்த முதல் குக்கர் 1955 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது, விலை 3,200 யென். கடைக்காரர்கள் நம்பவில்லை. தோஷிபாவின் ஷோகோ யமாதா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார். வெள்ளைச் சோறு ஆக்கிக் காட்டவில்லை. சோயா சாஸ் கலந்த கலவைச் சோறு, விறகடுப்பில் கண் அசந்தால் அடிப்பிடிப்பது, அதைத்தான் பெண்கள் எதிரே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.