ஒரு பக்கம் மட்டும் அடைக்கும் மூக்கு

ஒவ்வாமையோடு வளரும் சாதாரண மூக்குச் சதை பெரும்பாலும் இரண்டு நாசியிலும் இருக்கும். ஐம்பது வயதை ஒட்டிய ஒருவருக்கு ஒரு பக்கம் மட்டும் மாதக்கணக்கில் அடைத்து, எப்போதாவது ரத்தமும் கசிந்தால், அதைச் சைனஸ் தொல்லை என்று ஒதுக்கிவிடக் கூடாது. இன்வர்ட்டட் பாப்பிலோமா என்ற அரிய கட்டியாக அது இருக்கலாம். இது புற்றுநோய் அல்ல. ஆனால் இதன் மேற்பரப்புச் செல்கள் வெளியே துருத்தாமல் உள்நோக்கி மடிந்து அடித்திசுவுக்குள் இறங்குகின்றன. இந்த உள்மடிப்பை 1938இல் ரிங்கெர்ட்ஸ் என்ற மருத்துவர் விளக்கினார்.

எண்டோஸ்கோப்பில் பார்த்தால் சாதாரணச் சதை வழவழப்பாக, வெளிறித் தெரியும். பாப்பிலோமா பெரும்பாலும் மேடுபள்ளமாக, சற்றே சிவந்திருக்கும். இரண்டும் சேர்ந்தே இருந்தால் தேர்ந்த கண்ணும் ஏமாறும்.

சி.டி. ஸ்கேனில், கட்டி முளைத்த இடத்தில் எலும்பு சற்றுத் தடித்திருப்பது உண்டு. எனக்கு இந்த நோயறிதலில் மிக அழகான தடயம் இதுதான். அறுவை மருத்துவர் தேடிப்போக வேண்டியதும் அந்த இடத்தைத்தான். அருகம்புல்லை மேலாக அறுத்தால் மறுபடி துளிர்க்கும், இதுவும் அப்படித்தான். கட்டி ஒட்டியிருந்த சவ்வை எடுத்து, அடியிலுள்ள எலும்பையும் டிரில்லால் தேய்க்கிறார்கள். சி.டி.யில் கட்டியும் அதற்குப் பின்னால் தேங்கிய சளியும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும்; எம்.ஆர்.ஐ. அவற்றைப் பிரித்துக் காட்டும். கட்டிக்குள் மூளை மடிப்புகளைப் போன்ற வரிகளும் அதில் தெரியலாம்.

முடிவைச் சொல்வது பயாப்ஸி. ஆனால் ஸ்கேனுக்கு முன்னால் அவசரப்பட்டுச் சதையைக் கிள்ளுவது ஆபத்து. பதின்வயதுப் பையனுக்கு ஒரு பக்க அடைப்போடு மூக்கில் ரத்தம் கொட்டினால், அது ரத்தக்குழாய்கள் நிறைந்த ஆஞ்சியோஃபைப்ரோமாவாக இருக்கலாம். கிளினிக்கில் கிள்ளினால் ரத்தப்போக்கை அடக்குவதே பெரும்பாடாகிவிடும். கன்னச் சைனஸின் பின்சுவர் முன்னோக்கி வளைந்திருப்பதை ஸ்கேனில் பார்த்தே அதை அடையாளம் காண்கிறார்கள்.

பாப்பிலோமா உள்ளவர்களில் சிறு பங்கினருக்குப் புற்றுநோய் கூடவே இருக்கும், அல்லது பின்னால் உருவாகும். முதலில் எடுத்த சிறு துண்டில் அது சிக்காமல் போகலாம். ஆகவே அகற்றிய சதை முழுவதையும் ஆய்வகத்துக்கு அனுப்பியே தீர வேண்டும். வெறும் மூக்குச் சதை என்று நினைத்து எடுத்ததையும்கூட. பல ஆண்டுகள் கழித்தும் பாப்பிலோமா திரும்பலாம் என்பதால், அறுவைக்குப் பிறகும் எண்டோஸ்கோப் பரிசோதனையை நீண்ட காலம் தொடர்கிறார்கள்.