பெயில் கிடையாது, ஆனா 3-ம் வகுப்பிலேயே பரீட்சை! ஆஸ்திரேலிய கத்தோலிக்க பள்ளிகளில் என்ன படிக்கிறாங்க?

ஆஸ்திரேலியாவில் சுமார் 5-ல் ஒரு பிள்ளை கத்தோலிக்க பள்ளியில்தான் படிக்கிறது. அங்கு 3, 4-ம் வகுப்பு மாணவ-மாணவிகள் படிக்கும் பாடங்கள் விவரம் வருமாறு:-

4-ம் வகுப்பு முடிவதற்குள் 10-ம் வாய்ப்பாடு வரை மனப்பாடம் ஆகிவிட வேண்டும். கால்குலேட்டர் இருக்கேன்னு தப்பிக்க முடியாது. வரலாற்றில், 1788-ல் 11 கப்பல்களில் வெள்ளையர்கள் வந்திறங்கிய கதையும், பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கு வாழ்ந்த பழங்குடியினர் அதனால் பட்ட பாடும் உண்டு. முதல் நற்கருணைக்கு தயாராவதும் பல ஊர்களில் இந்த வயதில்தான். வேற மத பிள்ளைகளும் மத பாட வகுப்பில் உட்காருவார்கள். ஆனால் நற்கருணை கத்தோலிக்க பிள்ளைகளுக்கு மட்டும்தான்.

பெற்றோர் வயிற்றில் புளியை கரைப்பது 'நாப்ளான்' தேர்வு. 2008-ல் தொடங்கிய இது, நாடு முழுக்க எல்லா பள்ளிகளுக்கும் பொது. 3-ம் வகுப்பு பிள்ளைகள் கட்டுரையை பேப்பரில் எழுதுவார்கள். வாசிப்பு, இலக்கணம், கணக்கு எல்லாம் கம்ப்யூட்டரில்.

2023 முதல் ரிசல்ட்டை 4 படிகளாக பிரித்து சொல்கிறார்கள். கடைசி படி என்றால், 'கூடுதல் உதவி தேவை' என்று அர்த்தம். அதற்காக பெயில் போட்டு அதே வகுப்பில் உட்கார வைக்க மாட்டார்கள். வாசிக்க திணறும் பிள்ளை யாருன்னு 8 வயசிலேயே தெரிஞ்சிடும். ரிசல்ட்டை பீரோவில் பூட்டி வைக்காமல், டீச்சரை போய் பார்ப்பது பெற்றோர் வேலை.