ஆமை முட்டையால் கைவந்த தீவு

மலேசியாவின் சபா மாநிலத்தில், செம்பூர்ணா நகருக்குத் தெற்கே செலிபீஸ் கடலில் இருக்கிறது சிபாடான். பரப்பு சுமார் 12 ஹெக்டேர்தான். ஆனால் கண்ணுக்குத் தெரிவது வெறும் உச்சி. அணைந்த எரிமலையின் தலையில் பவளம் வளர்ந்து வளர்ந்து உருவான இத்தீவு, கடலடியிலிருந்து சுமார் 600 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. கரையிலிருந்து சில மீட்டர் நீந்தினாலே காலடியில் தரை சட்டென்று அறுந்துவிடும்.

அந்தச் செங்குத்துச் சுவரை ஒட்டியே ஸ்கூபா முக்குளிப்பவர்கள் இறங்குகிறார்கள். பேராமையும் அழுங்காமையும் பக்கத்திலேயே மேய்கின்றன. சீலா மீன்கள் பெருங்கூட்டமாகச் சுழல்கின்றன. நெற்றி புடைத்த கிளிமீன்கள் பவளத்தைக் கடித்து நொறுக்குகின்றன. சுவருக்குள் ஓர் இருண்ட குகை உண்டு. வெளியேற வழி தெரியாமல் மூச்சுமுட்டி இறந்த ஆமைகளின் எலும்புகள் அங்கே கிடக்கின்றன. 1980களின் இறுதியில் பிரெஞ்சுக் கடலாய்வாளர் ஜாக் குஸ்தோ படமெடுத்துக் காட்டிய பிறகே சிபாடான் உலகப் புகழ் பெற்றது.

இந்தத் தீவு யாருடையது? மலேசியாவும் இந்தோனேசியாவும் உரிமை கோரின. வழக்கு ஹேக் நகரின் அனைத்துலக நீதிமன்றத்துக்குப் போனது. 1891இல் பிரிட்டனும் நெதர்லாந்தும் செய்துகொண்ட எல்லை உடன்படிக்கை இதைத் தீர்க்கவில்லை என்றது நீதிமன்றம். தீவை உண்மையில் நிர்வகித்தது யார் என்று பார்த்தது. வடக்கு போர்னியோவின் பிரிட்டிஷ் நிர்வாகம் 1917இல் ஆமை முட்டை சேகரிப்பதை முறைப்படுத்தியிருந்தது. 1933இல் சிபாடானைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்திருந்தது. இவையே முக்கியச் சான்றுகளாயின. 2002 டிசம்பர் 17 அன்று, 16க்கு 1 என்ற வாக்கில் தீவு மலேசியாவுக்கு உரியதென்று தீர்ப்பானது. உயிர்களைக் காக்கப் போட்ட சட்டம் ஒரு தீவின் மீதான நாட்டின் உரிமையையே நிறுவியது என்பது, இயற்கைப் பாதுகாப்பை வீண்செலவாகக் கருதும் அரசுகள் எல்லாம் படிக்கவேண்டிய செய்தி.

வென்ற மலேசியா தீவைச் சுற்றுலா நிறுவனங்களிடம் விட்டுவிடவில்லை. அங்கிருந்த விடுதிகளை 2004 இறுதிக்குள் வெளியேற்றியது. அடுத்து, ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வைத்தது. நெடுங்காலம் அது 120 பேராக இருந்தது. தீர்ப்புக்கு முன்பே, 2000 ஏப்ரலில் அபு சயாஃப் ஆயுதக் குழு இங்கிருந்து 21 பேரைக் கடத்திச் சென்றது. அதன் பிறகு பாதுகாப்பும் பலப்படுத்தப்பட்டது.

போக விரும்புவோர் அருகிலுள்ள மாபுல் தீவிலோ செம்பூர்ணாவிலோ தங்கிப் பகலில் மட்டும் போய்வரலாம். அனுமதிச் சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் அதை உறுதிசெய்துகொண்டு விமான டிக்கெட் எடுப்பது நல்லது. நீரோட்டம் வலுவானது, முறையான பயிற்சி முடிக்காமல் இறங்காதீர்கள். பவளத்தின் மீது கை வைக்காதீர்கள், ஆமைகளைத் துரத்தாதீர்கள்.