மின்பணி உரிமமும் பட்டறிவுச் சான்றும்

நாம் குடியிருக்கும் தெருவில் பாதி வீடுகளுக்கு மின்கம்பி இழுத்தவர் ஒருவர் உண்டு. பதினேழு ஆண்டுகளாக அத்தொழிலில் இருப்பவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில் விண்ணப்பம் ஒன்றை நிரப்பித் தருமாறு எம்மிடம் வந்தார். முறைப்படி தேர்வெழுதி, படிப்படியாக உயர்ந்து, தாமே மின் ஒப்பந்ததாரராக வேண்டும் என்பது அவர் எண்ணம். பெயர், வயது, முகவரி ஆகியவற்றை எழுதி முடித்து, அனுபவம் பற்றிய பகுதிக்கு வந்ததும் எம் பேனா நின்றது. “யாரிடம் வேலை பார்த்தீர்கள் தம்பி?” என்றோம். “வேலையெல்லாம் நான் செஞ்சது சார். கையெழுத்து மட்டும் வேற ஒருத்தர் போடுவார்” என்றார். அவ்விடையில் அடங்கியுள்ள சிக்கலை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மின்பணியை யார் செய்யலாம் என்பதை 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளுள் 45ஆம் விதி வரையறுத்தது. விளக்கு, மின்விசிறி, உருகி, சுவிட்சு போன்றவற்றை அமைப்பின் தன்மை மாறாமல் மாற்றிக்கொள்வதற்கு மட்டுமே அது விலக்களித்தது. ஏனைய பணிகளை மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் ஏற்க வேண்டும். தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளரின் நேரடிக் கண்காணிப்பில் அவை நடைபெற வேண்டும். செய்பவரும் அனுமதி பெற்றவராக இருத்தல் வேண்டும். அவ்விதிகளின் இடத்தில் 2010இலும், பின்னர் 2023இலும் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் வந்தன. விதி எண்கள் மாறினும் அடிப்படை மாறவில்லை.

தமிழ்நாட்டில் ஒப்பந்ததாரர் உரிமத்தை வழங்குவது சென்னை கிண்டியில் உள்ள மின் உரிம வாரியம். விண்ணப்பிப்பவர் தம்மிடம் மேற்பார்வையாளரும் கம்பியாளரும் பணியில் இருப்பதையும், மெகர் முதலிய சோதனைக் கருவிகள் உள்ளதையும் காட்ட வேண்டும். ஆகவே ஒரு நிறுவனத்தின் அனுபவம் என்பது அதில் பணியாற்றும் ஆட்களின் சான்றுகள் வழியாகவே அளக்கப்படுகின்றது எனலாம். பட்டயமோ பட்டமோ இல்லாத தொழிலாளிக்கு இந்த ஏணியின் முதற்படி, மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. அதற்கான அறிவிப்புகளில் மூன்று செய்திகளைக் காணலாம்: 21 வயது நிறைந்திருக்க வேண்டும், வயதுக்கு மேல் வரம்பில்லை, மின்கம்பிப் பணியில் 5 ஆண்டுகளுக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேண்டும்.

தேர்வில் வென்றால் போதாதா, ஐந்து ஆண்டு எதற்கு என்று மாணவர் கேட்கலாம். அனுபவத்திற்குப் பட்டறிவு என்றும் தமிழில் ஒரு பெயருண்டு. பட்டு அறிவது என்பதே அச்சொல்லின் பொருள். ஆனால் மின்சாரத்தில் தாமே பட்டு அறிய முற்படுவோர் பிழைத்திருப்பது அரிது. பட்டறிந்த மூத்தவரின் அருகில் நின்றே அறிய வேண்டும். உறவினர் ஒருவர் இல்லத்தில் நாம் கண்டதைச் சொல்வோம். மூன்று துளைகள் உடைய பிளக்குப் பலகை பார்வைக்கு அழகாகவே இருந்தது. தண்ணீர் மோட்டாரைத் தொட்டவருக்கு அதிர்ச்சி ஏற்படவே திறந்து பார்த்தார்கள். மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை! பச்சை நிற நிலக்கம்பி சுவருக்குள் குழாயோடு நின்றுவிட்டிருந்தது. விளக்கு எரிந்தது, மோட்டார் ஓடியது. ஆதலால் எவருக்கும் ஐயம் எழவில்லை. வீட்டு மின்னமைப்பின் காப்புத் தடையை 500 வோல்ட் அழுத்தத்தில் ஒரு நிமிடம் சோதித்தால், அது ஒரு மெகாஓமுக்குக் குறையாதிருக்க வேண்டும் என்பது விதி. இதனைத் தேர்வுத் தாளில் எழுதிவிடலாம். அளவு குறைந்தால் பழுது எந்தச் சுவரில் எனத் தேடிக் கண்டுபிடிக்கும் கைப்பழக்கம் தாளில் வாராது.

இனி அந்தக் கையெழுத்துக்கு வருவோம். உரிமம் பெற்றவர் பணியிடத்தை எட்டியும் பாராமல், சிறு தொகைக்குப் பணி நிறைவறிக்கையில் ஒப்பமிட்டுத் தருவது பல ஊர்களிலும் அறிந்த வழக்கமே. வீட்டுக்காரருக்கு இதனால் வரும் கேட்டினை எல்லாரும் பேசுகின்றனர். உழைத்தவருக்கு நேரும் இழப்பைப் பேசுவார் இல்லை. ஏட்டின்படி அப்பணியைச் செய்தவர் ஒப்பமிட்டவரே. நம் தெருக்காரர் தாம் முடித்த ஒவ்வொரு வீட்டிலும் தம் அனுபவத்தின் ஒரு பகுதியைப் பிறர் பெயருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். தொழில் கற்றுத்தந்த மூத்தவரோ காலமாகிவிட்டார். ஒப்பமிட்டவரிடம் சான்று கேட்டபோது, “நீ என் ஆளே இல்லையே” என்றாராம். ஏட்டளவில் அது உண்மைதான்; கொடுமையும் அதுவே.

இச்சிக்கலை வேறு நாட்டார் எவ்வாறு நோக்கினர் என்பதும் அறியத்தக்கது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சி-10 எனப்படும் மின் ஒப்பந்ததாரர் உரிமத்துக்கு, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய பத்து ஆண்டுகளுக்குள் நான்கு ஆண்டு முழுநேர அனுபவம் வேண்டும். அதுவும் தேர்ந்த தொழிலாளி நிலையில் பெற்றதாக இருக்க வேண்டும். கையாளாக இருந்த காலம் அதில் சேராது. முறையான பயிற்சிக்கும் படிப்புக்கும் மூன்று ஆண்டு வரை ஈடு தருவர். நாம் கருதத்தக்கது, யார் சான்றளிக்கலாம் என்பதே. பணி கொடுத்தவர் மட்டுமின்றி, உடன் உழைத்த தொழிலாளி, தொழிற்சங்கப் பொறுப்பாளர், கட்டட ஆய்வாளர், பொறியாளர் ஆகியோரும், வேலையை நேரிற் கண்டவராயின், சான்றளிக்கலாம். பொய்யுரைத்தால் தண்டனை உண்டு. முதலாளி மறுத்தாலும் கண்டவர் வாய் திறக்க அங்கே இடமிருக்கின்றது. இம்முறை நமக்கும் ஏற்றதென்பது எம் கருத்து.

அதுவரை, இத்தொழிலில் தந்தையோ தமையனோ உள்ள மாணவர்கள் வீட்டில் சொல்ல வேண்டியவை சில. உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரின் ஊதியப் பதிவேட்டில் முதல் நாளிலேயே பெயர் ஏற வேண்டும். சான்றினை ஆண்டுதோறும் கேட்டுப் பெறுதல் நலம். ஒப்பந்ததாரர் ஊர் மாறலாம், மறையலாம், மனமும் மாறலாம். அதில் சேர்ந்த நாள், விலகிய நாள், செய்த பணியின் தன்மை, அவருடைய உரிம எண், அது செல்லுபடியாகும் காலம் ஆகியவை இருக்கட்டும். ‘நன்றாக வேலை செய்பவர்’ என்ற பாராட்டு மட்டும் உள்ள தாளால் பயனில்லை. வளைகுடா நாடுகளிலிருந்து திரும்புவோர் பெட்டி கட்டுமுன் நிறுவனத்தின் முத்திரையுடன் பணிச்சான்றைப் பெற்றுவிட வேண்டும். இங்கு வந்தபின் கடிதம் எழுதிக் காத்திருப்போர் சிலரை நாம் அறிவோம்.

எம்மிடம் வந்தவர் அன்று விண்ணப்பத்தை மடித்து எடுத்துச் சென்றார். மறுமாதமே பக்கத்து ஊரில் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் ஒருவரிடம், முன்னைவிடக் குறைந்த கூலிக்கு, பெயர் பதிந்து சேர்ந்துகொண்டார். அண்மையில் தெருவில் கண்டபோது சட்டைப் பையிலிருந்து இரண்டு சான்றுகளை எடுத்துக் காட்டினார். “இன்னும் மூணு வருஷம் சார்” என்றார்.